தைராய்டு மாத்திரையும் காலைக் காபியும்

புதுச்சேரியின் திருபுவனைப் பக்கம் யாருக்காவது தைராய்டு என்றால், அக்கம்பக்கத்தார் முதலில் குறை சொல்வது முட்டைகோஸையும் உப்பையும்தான். ஆனால் பெரியவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறைய முக்கியக் காரணம் சமையலறையில் இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி தன்னுடைய தைராய்டு சுரப்பியையே பகையென்று நினைத்துத் தாக்குகிறது. 1912-இல் ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ விவரித்த கோளாறு இது. ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம் வருகிறது.

நம்பிக்கை: அயோடின் உப்பை விட்டுவிட்டு இந்துப்புக்கு மாற வேண்டும்.
உண்மை: கடைக்கு வரும் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. அன்றாடச் சமையலில் அந்த அளவு கெடுதல் செய்யாது. இந்துப்பிலும், மரக்காணம் உப்பளத்திலிருந்து நேரே வரும் கல்லுப்பிலும் அயோடின் போதாது. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் இந்த மாற்றம் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். அதற்காகக் கடற்பாசி மாத்திரை, அயோடின் சொட்டு என்று தாமாக வாங்கிச் சேர்ப்பதும் ஆகாது. மிகையான அயோடின் இந்த நோயை மோசமாக்கக்கூடும்.

நம்பிக்கை: முட்டைகோஸ், காலிஃபிளவர், மரவள்ளிக்கிழங்கு பக்கமே போகக்கூடாது.
உண்மை: வேகவைத்தால் இவற்றில் தைராய்டைத் தடுக்கும் பொருள் பெரிதும் குறையும். வாரத்தில் ஓரிரு நாள் பொரியலால் ஒன்றும் ஆகாது. அயோடின் பற்றாக்குறை உள்ள இடத்தில் மரவள்ளியோ கம்போ மட்டுமே நாள்தோறும் உணவாக இருந்தால்தான் சிக்கல்.

நம்பிக்கை: மாத்திரையைக் காபியோடு போட்டுக்கொள்ளலாம்.
உண்மை: உணவு விஷயத்தில் உண்மையிலேயே கவனிக்க வேண்டியது இதுதான். சுரப்புக் குறைவுக்கான மாத்திரையான லெவோதைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, காபிக்கும் இட்லிக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் மருந்து உடம்பில் முழுமையாகச் சேராது. டோஸ் போதவில்லை என்று தோன்றும். தொழிற்பேட்டையில் ஷிப்டு மாறி வேலை செய்கிறவர்கள், கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம்.

நம்பிக்கை: ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) நார்மல் ஆகிவிட்டால் மாத்திரையை நிறுத்திவிடலாம்.
உண்மை: மாத்திரை போடுவதால்தான் நார்மல். சுரப்பி சேதமாகியிருந்தால், குறையும் ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். டோஸ் மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் ரத்தப் பரிசோதனை சரியாகக் காட்டும். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் பரிசோதனைக்கு 2 நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் முடிவு தவறாக வரக்கூடும்.

நம்பிக்கை: பிள்ளை உண்டானால் மாத்திரை கூடாது.
உண்மை: இதுதான் ஆபத்தான அறிவுரை. தொடக்க மாதங்களில் சிசு தாயின் ஹார்மோனையே நம்பியிருக்கிறது. பெரும்பாலோருக்குக் கர்ப்ப காலத்தில் டோஸைக் கூட்டவே வேண்டியிருக்கும். நாள் தள்ளியதுமே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நம்பிக்கை: தைராய்டு மாத்திரை எல்லாம் ஒன்றுதான்; அண்ணி மாத்திரையை நாத்தனார் போடலாம்.
உண்மை: எதிர்ப்புச் சக்தியின் கோளாறிலேயே நேர் எதிரான ஒன்றும் உண்டு. கிரேவ்ஸ் நோயில் சுரப்பு மிகுந்து, படபடப்பும் எடைக் குறைவும் வரும். அதற்கு கார்பிமசோல் போன்ற வேறு மருந்து. அதைச் சாப்பிடும்போது காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ரத்த அணுக்களைப் பரிசோதிக்க வேண்டும்.

கோதுமையை நிறுத்துவதும் செலினியம் மாத்திரையும் ஹஷிமோட்டோவைக் குணமாக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கழுத்து வீக்கம் வேகமாகப் பெருத்தாலோ, கண் பிதுங்கினாலோ, ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களோடு, நீங்கள் போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள்.