சுகாதாரப் பாடம்: ரிப்போட் சரி, ஆனா வயிறு வலிக்குதே!



லயங்களில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. "ஆஸ்பத்திரியில ரத்தம், மலம், ஸ்கேன் எல்லாம் பாத்தாச்சு. ஒண்ணுமில்லேன்னு அனுப்பிட்டாங்க. ஆனா வயிறு வலிக்குதே!" வீட்டிலோ, "பெரட்டுக்குப் போக மனசில்லாம நடிக்கிறா" என்று ஒரு சொல். வலியைவிட அந்தச் சொல்தான் கூடுதலாக நோகும். அந்த வலி எங்கிருந்து வருகிறது என்பதே இம்முறை நமது பாடம்.

எரிச்சல் குடல் நோய்

இந்த நோயில் குடலில் புண்ணோ கட்டியோ இருக்காது. குடல் வேலை செய்யும் விதம் மட்டும் பிசகியிருக்கும். வலி, வயிற்றுப் பொருமல், சில நாள் வயிற்றோட்டம், சில நாள் மலச்சிக்கல் என்று மாதக்கணக்கில் இழுக்கும்.

குடலின் காவல்காரர்

நோயை எதிர்க்கும் கலங்கள் குடல் சுவரிலும் ஏராளமாக இருக்கின்றன. சோறு, தண்ணி, கிருமி எல்லாம் போகும் வழி அதுதானே! அந்தக் காவல்காரரில் ஒருவர் 'மாஸ்ட் கலம்'. இதற்கு 1878இல் பெயர் வைத்தவர் ஜெர்மன் அறிஞர் போல் ஏர்லிக். இதன் உள்ளே சின்னச்சின்ன மணிகள் நிறைந்திருக்கும். ஆபத்து என்று தெரிந்தால், மணிகளில் உள்ள ஹிஸ்டமின் போன்ற இரசாயனங்களை வெளியே விடும். அப்போது குடலில் நீர் சுரக்கும், தசை இறுகும், பக்கத்து நரம்பு வலியை உணர்த்தும்.

இத்தாலி ஆய்வாளர்கள் 2004இல் ஒன்றைக் காட்டினார்கள். எரிச்சல் குடல் நோயாளரின் பெருங்குடலில் மாஸ்ட் கலங்கள் நரம்புகளுக்கு எவ்வளவு கிட்டே இருந்தனவோ, அவ்வளவுக்கு வலியும் கூடுதலாக இருந்தது. சாதாரண ரிப்போட்டில் இது தெரியாது. எல்லா நோயாளருக்கும் காரணம் இது ஒன்றே என்றும் சொல்ல முடியாது. ஆனாலும் ரிப்போட் சரி என்பதற்காக வலி பொய்யாகிவிடாது.

காவல்காரர் ஏன் அடங்கவில்லை?

கனடாவில் வோக்கர்ட்டன் என்றொரு சிற்றூர். 2000ஆம் ஆண்டு மே மாதம் கடும் மழையில் மாட்டெரு கரைந்து ஊர்க் கிணற்றில் கலந்தது. 2,300 பேர் வரை நோயுற்றார்கள், 7 பேர் இறந்தார்கள். மற்றவர்களுக்கு வயிற்றோட்டம் நின்றது. ஆனால் அந்த நோய்க்கு ஆளானவர்களை 8 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும், 100க்குச் சுமார் 15 பேருக்கு எரிச்சல் குடல் நோய் இருந்தது.

கிருமி போன பிறகும் காவல்காரர் விழித்தே இருப்பதுண்டு. 2021இல் பெல்ஜியத்து லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் இதைக் கண்டார்கள். குடலில் கிருமி இருந்த நேரத்தில் தின்ற உணவையும், மாஸ்ட் கலங்கள் பிறகு எதிரியாகவே நினைத்தன. நோயாளர் சிலரின் குடலிலும் அப்படிப்பட்ட அடையாளம் தெரிந்தது. மனக்கவலையும் இந்தக் கலங்களைத் தூண்டும். ஆகவே "கவலைப்பட்டா வயிறு புரட்டுது" என்பதும் கற்பனை இல்லை.

நாம் செய்யக் கூடியவை

1. பீலித் தண்ணியானாலும் குழாய்த் தண்ணியானாலும் கொதிக்க வைத்து ஆற்றிக் குடிப்போம். மழை நாளில் இன்னும் கவனம். இன்றைய வயிற்றோட்டத்தைத் தடுத்தால் நாளைய வலியையும் தடுக்கலாம்.

2. வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி கரைத்துக் கொடுப்போம். மிஞ்சிய மாத்திரைகளை நாமாகப் போட வேண்டாம்.

3. வேளைக்குச் சாப்பிடுவோம். எதைத் தின்றால் வலிக்கிறது என்று கவனிப்போம். தேத்தண்ணி நாளுக்கு 3 கோப்பைக்குள் இருக்கட்டும்.

4. மலத்தில் இரத்தம், உடம்பு மெலிதல், காய்ச்சல், தூக்கத்தைக் கலைக்கும் வலி, இரத்தச் சோகை - இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே வைத்தியரிடம் போக வேண்டும். 50 வயதுக்குப் பின் முதல்முறையாக இப்படித் தொடங்கினாலும் அப்படியே.

5. வலிக்குது என்பவரை "நடிப்பு" என்று சொல்லாதிருப்போம். ஒரு வாய்ச் சுடுதண்ணியும், "எங்க வலிக்குது, எப்ப இருந்து?" என்ற கேள்வியும் போதும்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

மாஸ்ட் கலம் எங்கே இருக்கிறது? வோக்கர்ட்டன் கிணறு நமக்குச் சொல்லும் பாடம் என்ன? நமது லயத்துத் தண்ணி எங்கிருந்து வருகிறது, அதற்கு மேலே என்ன இருக்கிறது? பிள்ளைகளையும் கூட்டிப் போய்ப் பார்த்து வாருங்கள்.