குரக்கன் பிட்டு சாப்பிட்டும் இடுப்பு குறையவில்லையா?

கேள்வி: சீனியை நிறுத்திவிட்டேன். சோற்றுக்குப் பதிலாகக் குரக்கன் பிட்டும் பொரித்த மீனும், பின்னேரம் கச்சான். உடம்பு ஏன் மெலியவில்லை? – வாசகி, திருக்கடலூர், திருகோணமலை

பதில்: குரக்கன் நல்ல தானியம், நார்ச்சத்தும் கல்சியமும் நிறைந்தது. ஆனால் குரக்கன் மாவும் அரிசி மாவும் தரும் கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான். பிட்டில் கைநிறையப் போடும் தேங்காய்ப்பூவையும் சேர்த்துப் பாருங்கள். மாச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தரும், கொழுப்பு 9. மீன் உறிஞ்சும் தேங்காயெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி என்றால் அதுவே ஏறத்தாழ 120. 100 கிராம் கச்சானில் 560க்கு மேல்!

எந்த உணவானாலும் செலவை மிஞ்சினால் மிச்சம் உடலில் தங்கும். கூடுதலாக உண்ணும் கொழுப்பு இலகுவாகச் சேமிப்பாகிவிடும். மாச்சத்து மிகுந்தால் ஒரு பகுதி ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகும். உடல் அந்த மாச்சத்தையே முந்தி எரிப்பதால், உண்ட கொழுப்பு எரியாமல் இடுப்பில் சேரும். புரதம் வேறு மாதிரி. அதன் சக்தியில் 20 முதல் 30 வீதம் செரிமானத்துக்கே போய்விடும், பசியும் அடங்கும்.

ஆகவே மீனை விடவேண்டாம். சூரையைப் பொரிக்காமல் குழம்பு வையுங்கள், கச்சானை ஒரு சிறங்கையோடு நிறுத்துங்கள். இரண்டு மாதத்தில் மாற்றமில்லை என்றால் வைத்தியரிடம் தைரொயிட் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.