அப்பாவின் ரிப்போர்ட்டில் முதலில் தேட வேண்டிய ஒரு வரி

சிறுநீரில் ரத்தம் போனால், "சூடு பிடிச்சிருக்கு, இளநீர் குடிச்சா சரியாயிடும்" என்று விட்டுவிடுகிறோம். வலியே இல்லாமல், ஒருமுறை வந்து நின்றாலும்கூட டாக்டரிடம் காட்ட வேண்டிய அறிகுறி அது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பலருக்கு இப்படித்தான் முதலில் தெரிகிறது.

உறுதியானதும் பல வீடுகளில் நடப்பது: பிள்ளைகள் டாக்டரைத் தனியாகப் பார்த்து, "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சார்" என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். ஊசியும் குழாயும் அவர் உடம்பில்தான். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடப்போவதும் அவர்தான்.

எப்படிச் சொல்வது? முதலில் சிறுநீர்த் துவாரம் வழியாகவே கருவியை விட்டுக் கட்டியைச் சுரண்டி எடுத்துப் பயாப்சிக்கு அனுப்புவார்கள். வயிற்றில் வெட்டு, தையல் கிடையாது. அந்த ரிப்போர்ட்டில் தேட வேண்டியது, கட்டி சிறுநீர்ப்பையின் தசைக்குள் இறங்கியிருக்கிறதா என்பதை. "சுவத்துல பூச்சு மட்டும் கெட்டிருக்கா, செங்கல் வரைக்கும் போயிருச்சான்னு பாக்குறாங்கப்பா" என்று சொல்லுங்கள், புரிந்துவிடும். எடுத்த மாதிரியில் தசையே இல்லையென்றால் மறுபடி சுரண்ட வேண்டி வரலாம். அதைக் கேட்டு நோய் முற்றிவிட்டதாகப் பயப்பட வேண்டாம்.

பூச்சோடு நின்றிருந்தால் சிறுநீர்ப்பையை எடுக்காமலே சமாளிக்க வாய்ப்பு அதிகம். திரும்பி வரும் அபாயம் கூடுதலாக இருந்தால் பிசிஜி மருந்து. ஆமாம், பிறந்த குழந்தைக்குக் கையில் போடும் அதே காசநோய்த் தடுப்பு மருந்துதான். இங்கே ஊசியாக இல்லாமல், குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் விடுவார்கள். வாரம் ஒன்றாக ஆறு வாரம். "எனக்கு டிபி வந்திருச்சா?" என்று அப்பா கேட்பதற்குள் நீங்களே விளக்கிவிடுங்கள்.

தசைக்குள் போயிருந்தால் பேச்சு கொஞ்சம் கனமானது. பெரும்பாலும் கீமோ கொடுத்துவிட்டு, சிறுநீர்ப்பையை அகற்றுவார்கள். குடலின் சிறு துண்டை வைத்து வயிற்றில் வழி செய்து, வெளியே ஒட்டும் பையில் சிறுநீர் சேரும். "இதை வெச்சுக்கிட்டு கல்யாணம், கோயில்னு எப்படிடா போறது?" என்பதுதான் அப்பாக்களின் பெரிய கவலை. சட்டைக்குள் தெரியாது, குளிக்கலாம், வேலைக்கும் போகலாம். ஏற்கெனவே பை வைத்திருக்கும் ஒருவரோடு பேச வைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நாம் பத்து முறை சொல்வதைவிட அது பலன் தரும். சிலருக்குச் சுரண்டல், கதிர்வீச்சு, கீமோ மூன்றையும் சேர்த்துச் சிறுநீர்ப்பையைக் காப்பாற்றவும் முடியும். "எங்க அப்பாவுக்கு அது ஒத்துவருமா?" என்று தயங்காமல் கேட்டுவிடுங்கள்.

எந்த வழியானாலும் பீடி, சிகரெட்டை நிறுத்தியாக வேண்டும். இந்த நோய்க்கு முக்கியக் காரணமே அதுதான். சிறுநீர்ப்பை உள்ளே இருக்கும்வரை கேமரா பரிசோதனையும் தொடரும். ஆரம்பத்தில் வழக்கமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நல்லா இருக்கோமே என்று அதைத் தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அட்மிஷனுக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுத் திட்டப் பிரிவில் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி வாங்கிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் 104-க்கு அழைக்கலாம்.