தாத்தாவோட நாட்டுத் துப்பாக்கி என்ன விலை போகும்?

இன்னைக்குப் பாடம் 'டிமாண்ட்'. உதாரணம் மட்டும் கொஞ்சம் வித்தியாசமானது.

உங்க தாத்தா வீடு ஏற்காடு மலையில, செம்மநத்தத்துல இருக்குன்னு வெச்சுக்குங்க. பரண்ல ஒரு நாட்டுத் துப்பாக்கி கிடைக்குது. குழல் வாய் வழியா மருந்து போட்டுக் கெட்டிக்கிற பழைய ரகம், அதாவது மஸில்லோடர். தெரிஞ்ச ஒருத்தர், "நல்ல ரேட்டுக்கு நானே எடுத்துக்கறேன்"ங்கறார். குடுக்கலாமா?

முதல்ல, இது சட்டப்படி கடையில விக்கிற ஒரு சந்தையைப் பார்ப்போம்: அமெரிக்கா. அங்கே ரெண்டு ரகம் இருக்கு. ஒண்ணு பாரம்பரிய ரகம். குதிரை பக்கவாட்டுல இருக்கும். தாம்ப்சன் சென்டர் கம்பெனி 1970-ல கொண்டுவந்த 'ஹாக்கன்' இதுக்கு நல்ல உதாரணம். இன்னொண்ணு நவீன 'இன்லைன்' ரகம். நெருப்பு குழலுக்கு நேர் பின்னால இருந்து போகும். 1985-ல வந்த நைட் எம்.கே.-85 இதைப் பிரபலமாக்குச்சு. துடைக்கச் சுலபம், டெலஸ்கோப் மாட்டலாம். வேட்டைக்காரங்க இந்தப் பக்கம் சாய்ஞ்சுட்டாங்க.

அப்போ பழைய ரகம் செத்துப்போச்சா? இல்லை. பென்சில்வேனியாவுல கிறிஸ்துமஸுக்கு அப்புறம் வர்ற மஸில்லோடர் சீசன்ல, சக்கிமுக்கிக் கல்லால வெடிக்கிற பழைய ரகத்துக்கு மட்டும்தான் அனுமதி. அதனால அதை வாங்க இன்னும் ஆள் இருக்கு. அந்த டிமாண்டை உருவாக்கினது துப்பாக்கியோட தரம் இல்லை, அரசோட விதி.

இப்போ செம்மநத்தத்துக்குத் திரும்புவோம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல வந்தாச்சு. அமெரிக்கா மாதிரி வேட்டை சீசன் இங்கே கிடையாது. ஆயுதச் சட்டம் 1959-படி, உரிமம் இல்லாதவருக்கு நீங்க விக்கவும் முடியாது, அவர் வாங்கவும் முடியாது. உரிமம் இல்லாம கையில வெச்சிருந்தாலே, 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைஞ்சது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் ஜெயில், கூடவே அபராதம். வேலை மாறும்போது பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல இந்த கேஸ் எப்படி நிக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அவர் சொன்ன 'நல்ல ரேட்' அதுக்கு ஈடாகுமா?

சரி, என்ன செய்யலாம்? தாத்தா உரிமம் வெச்சிருந்தாரான்னு பழைய காகிதங்களைத் தேடுங்க. இருந்திருந்தாலும் அது அவர் பேர்லதான். உங்களுக்குத் தானா வந்துடாது. சட்டத்தோட 21-வது பிரிவுப்படி, தாமதிக்காம காவல் நிலையத்துலயோ உரிமம் பெற்ற டீலர்கிட்டயோ ஒப்படைக்கணும். அப்புறம், குறிப்பிட்ட காலத்துக்குள்ள நீங்களே உரிமம் வாங்கித் திரும்பப் பெறலாம். இல்லேன்னா தகுதியுள்ள ஒருத்தருக்கு வித்து அந்தப் பணத்தை வாங்கிக்கலாம். இது பலருக்குத் தெரியாத வழி. உரிமமே இருந்ததில்லைன்னா, முதல்ல ஒரு வக்கீலைப் பார்த்துட்டு ஒப்படைங்க.

உங்க மற்ற முதலீடுகளுக்கும் இதே பாடம்தான். 2016-ல சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளோட பத்திரப்பதிவுக்குத் தடை போட்டப்போ, மண்ணு மாறலை. வாங்க முடிஞ்ச ஆள்தான் இல்லாமப் போச்சு.

அதனால எதை வாங்கறதுக்கு முன்னாடியும் "இது என்ன விலை?"ன்னு மட்டும் கேக்காதீங்க. "நாளைக்கு இதை என்கிட்ட இருந்து சட்டப்படி வாங்க யாரு இருக்காங்க?"ன்னும் கேளுங்க.