கோழி பெருகும் வழி

'கோழி மிதித்துக் குஞ்சு முடமாகாது' என்பது நம் பாட்டிமார் வாக்கு. விலங்கியல் பயிலும் மாணவன் என்ற முறையில் நான் இதை மறுக்கவில்லை. ஆனால் தாயின் காலுக்குத் தப்பிய குஞ்சு, குளிருக்கும் நோய்க்கும் தப்புமா? நாலு கோழியை நாற்பதாக்க விரும்பும் எவரும் முதலில் விடை காணவேண்டிய கேள்வி இதுவே.

இக்கேள்வியை எனக்குக் கற்பித்தது எங்கள் வீட்டுக் கொல்லை. பிழைப்பை நாடித் தெற்கிலிருந்து ஜபல்பூருக்குக் குடிவந்த குடும்பம் எங்களுடையது. அங்கே அம்மா 4 பெட்டைகளும் 1 சேவலும் வளர்த்தார். ஓராண்டில் அவை 19 ஆயின. தடுப்பூசி பற்றி எங்களில் எவருக்கும் நினைவில்லை. "இன்னும் மூன்று வாங்கிவிட்டால் உன் பரீட்சைக் கட்டணத்துக்கு ஆகுமடா" என்று சொல்லி, சந்தையில் 3 பெட்டைகள் வாங்கிவந்து அன்றிரவே பழைய கோழிகளோடு அடைத்தார். பத்தாம் நாள் வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல் கண்டது; பிறகு மூச்சிரைப்பு; கழுத்துத் திருகல். இரண்டு வாரத்தில் எஞ்சியவை மூன்றே. குழி தோண்டிப் புதைத்தபோது அம்மா ஒன்றும் பேசவில்லை.

வெள்ளைக்கழிச்சல் என்று நம் ஊரில் சொல்லும் இந்நோய்க்கு நூல்களில் இராணிக்கேட் நோய் என்று பெயர். தில்லியில் பயிலும் நமக்கு ஓரிரவுப் பயணத் தொலைவில், குமாவுன் மலையில் இருக்கும் அதே இராணிக்கேட்தான். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும், 1927இல் இராணிக்கேட்டிலும் இது கண்டறியப்பட்டது. வைரசால் வரும் இந்நோயைத் தீர்க்க மருந்து இல்லை. வருமுன் காப்பதொன்றே வழி.

இனி, புதிதாகத் தொடங்குவோர் செய்யவேண்டுவனவற்றைக் கூறுவேன்.

அடை வைக்க ஒரு வாரத்துக்குட்பட்ட முட்டைகளையே கொள்ளுங்கள். ஒரு நாட்டுக்கோழியின் கீழ் 10 அல்லது 12 முட்டைகள் போதும். ஏழாம் நாள் இருட்டில் விளக்கொளியில் பிடித்துப் பார்த்தால், கரு வளரும் முட்டையில் சிலந்திபோல் இரத்த நாளங்கள் தெரியும், தெரியாதவற்றை நீக்கிவிடலாம். 21ஆம் நாள் குஞ்சு பொரியும்.

தாயின்றி வளர்க்கும் குஞ்சுகளுக்கு முதல் வாரம் சுமார் 35 பாகை செல்சியசு வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 பாகை குறைக்கலாம். வெப்பமானி இல்லையெனில் குஞ்சுகளையே கவனியுங்கள். விளக்கடியில் குவிந்தால் குளிர். ஓரங்களுக்கு ஓடினால் சூடு. பரவித் திரிந்தால் சரி.

நொய்யரிசி மட்டும் இட்டால் குஞ்சு வளராது. அதற்குப் புரதம் தேவை. சாணமும் வைக்கோலும் நிரப்பிய பானையை மாலையில் ஈரமண்ணில் கவிழ்த்து, விடியலில் கரையான் எடுத்து ஊட்டும் நம் ஊர் வழக்கம் அறிவியலுக்கு முற்றும் ஒத்ததே.

அடுத்தது தடுப்பூசி. தடுப்பூசி பெற்ற தாயின் எதிர்ப்புப் பொருள் மஞ்சட்கரு வழியே குஞ்சுக்கும் சேர்கிறது. ஆனால் சில வாரங்களில் அது கரைந்துவிடும். ஆகவே முதல் வார இறுதியில் எஃப் அல்லது லசோட்டா மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடவேண்டும். எட்டாம் வாரத்தில் ஆர்-டூ-பி ஊசியை இறக்கைத் தோலடியில் இடவேண்டும். இது வலிமை மிக்கதாகையால் இளங்குஞ்சுக்கு ஆகாது.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒரு குப்பி மருந்து 100 கோழிக்கோ அதற்கு மேலோ போதுமானது. பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் செலவழிக்கவும் வேண்டும். பத்துக் கோழி வைத்திருப்பவர் தனியே என்ன செய்வார்? அம்மா அண்டை வீடுகளுக்குச் சென்று, தமக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேசி, ஏழு வீட்டாரை ஒரே நாளில் கூட்டினார். பக்கத்து வீட்டுக் கோழிக்கு நோய் வந்தால் நம் வீட்டுக் கோழியும் தப்பாது என்பதால், இஃது உபகாரம் மட்டுமல்ல, தற்காப்புமாகும்.

கடைசியாக, வாங்கிவந்த கோழியை 3 அல்லது 4 வாரம் எட்டத்தில் தனியே அடையுங்கள். பழைய கோழிகளுக்குத் தீனி இட்டபின் புதியவற்றிடம் செல்லுங்கள். திரும்பியதும் கைகால் கழுவுங்கள். அந்த மூன்று வாரப் பொறுமை இல்லாமையால் நாங்கள் இழந்தது ஓராண்டு உழைப்பு.

எஞ்சிய மூன்றில் மறுபடி தொடங்கிய அம்மாவிடம் இன்று 14 பெட்டைகளும் 2 சேவல்களும் இருக்கின்றன. நாற்பதாகவில்லை, ஆயினும் மூன்றாண்டாக ஒன்றும் கழிச்சலில் மடியவில்லை. விடுமுறைக்கு வீடு செல்லும் நண்பர்கள், தங்கள் தெருவில் எத்தனை வீடுகளில் கோழி உண்டு என்று எண்ணிப் பார்த்து, அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போடும் நாளையும் கேட்டுவைப்பார்களாக.