பேடில் போர்டு ஆடாமல் நிற்க வீட்டிலேயே செய்துகொள்ளும் வேலைகள்

நின்றபடி துடுப்புப் போடும் பேடில் போர்டில் முதல் தடவை ஏறும்போது யாருக்கும் முழங்கால் வெடவெடக்கும். கோவளத்தில் எங்கள் வீட்டுக்குக் காற்றடிக்கும் போர்டு ஒன்று வந்து மூன்று வருடம் ஆகிறது. பத்தரை அடி நீளம், 32 அங்குல அகலம், 6 அங்குல கனம். நான் இரண்டே நாளில் நின்றுவிட்டேன். 58 வயது அம்மா மட்டும் முட்டுக்காடு உப்பங்கழியில் ஒரு மாதம் முட்டிபோட்டபடியே துடுப்புப் போட்டார். எழ முயன்ற ஒவ்வொரு முறையும் தண்ணீருக்குள் விழுந்தார். அவரை எப்படியாவது நிற்க வைக்க வேண்டும் என்று வீட்டில் செய்துபார்த்த வேலைகள் இவை. காசு செலவில்லாதவற்றை முதலில் சொல்கிறேன். பலருக்கு அதுவே போதும்.

1. முதலில் காற்றைப் பாருங்கள். போர்டு ஆடுகிறது என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்குக் காற்றுதான் குறை. கைப்பம்பு 10 பிஎஸ்ஐ தாண்டியதும் கனத்துவிடும். ‘போதும், கல்லு மாதிரி இருக்கு’ என்று நிறுத்திவிடுவோம். கல் மாதிரி தெரிவது கைக்குத்தான். ஆள் ஏறினால் நடு அமுங்கி, இரண்டு முனையும் வாழைப்பழம் போல மேலே தூக்கும். அப்புறம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் போர்டு நெளியும். பெரும்பாலான போர்டுகளுக்கு 12 முதல் 15 பிஎஸ்ஐ வேண்டும். உங்கள் போர்டுக்கான உச்ச அளவு வால்வுக்குப் பக்கத்தில் அச்சடித்திருக்கும். அதைத் தாண்டக் கூடாது. பஞ்சர் கடை கம்ப்ரஸரில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அந்த வேகத்துக்குத் தையல் பிரிந்துவிடும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இரண்டு முனைக்கும் கீழே இரண்டிரண்டு செங்கல் அடுக்கி, மேலே பழைய துணி போட்டு, போர்டைக் கிடத்துங்கள். முனையிலிருந்து முனைக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். ஓர் ஆள் நடுவில் உட்காரட்டும். நூலுக்கும் போர்டுக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு கூடுகிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 9 பிஎஸ்ஐ-யில் ஒரு தடவை, 15-இல் ஒரு தடவை அளந்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

2. வெயிலில் நின்று காற்றடித்துவிட்டு நேராகத் தண்ணீரில் இறக்கினால், பத்து நிமிடத்தில் உள்காற்று குளிர்ந்து அழுத்தம் இறங்கிவிடும். போர்டைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு, பிறகு ஒரு தடவை அளந்து, குறைந்ததை அடித்துக்கொள்ளுங்கள்.

3. எங்கே நிற்கிறோம் என்பதைக் குறித்துவையுங்கள். நடுவில் இருக்கும் தூக்குப்பிடிதான் பெரும்பாலான போர்டுகளின் எடை மையம். அதற்கு இரு பக்கமும், தோள்பட்டை அகலத்துக்கு, இரண்டு பாதமும் முன்னால் பார்க்க வேண்டும். அம்மாவின் பாதத்தைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டு, அதன் மேல் வண்ண டேப் ஒட்டினேன். பயத்தில் கால் தன்னை அறியாமல் நடுக்கோட்டுக்கு நெருங்கி வந்துவிடும். டேப் இருந்தால் திருத்திக்கொள்ளலாம். ஆனால் டேப்பையே பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. பக்கத்தில் வலை அலசிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அம்மாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “காலப் பாக்காதம்மா, தூரத்துல அந்தத் தென்னையப் பாரு. உடம்பு தானா நிக்கும்.” அப்படியே நடந்தது.

4. தேங்காய் எண்ணெய், சன்ஸ்கிரீன் பூசிய காலோடு ஏறாதீர்கள். மேலே ஒட்டியிருக்கும் ஈவிஏ ஃபோம் விரிப்பில் எண்ணெய் படிந்துவிட்டால் பாசி பிடித்த படிக்கட்டுதான். அதைக் கழுவப் பாத்திரம் தேய்க்கும் சோப்புநீரும் மென்மையான பிரஷும் போதும். அந்த விரிப்பில் மெழுகு தேய்க்கக் கூடாது.

5. துடுப்பின் நீளத்தைச் சரிசெய்யுங்கள். உங்கள் உயரத்தைவிட 6 முதல் 10 அங்குலம் கூடுதலாக இருந்தால் சரி. கற்றுக்கொள்ளும்போது குறைந்த அளவே நல்லது. நீளத் துடுப்பு கையைத் தலைக்கு மேலே தூக்கவைக்கும், அதோடு உடம்பின் எடையும் மேலே போகும். துடுப்பின் அலகு தண்ணீருக்குள் இருக்கும்வரை அது உங்களுக்கு மூன்றாவது கால். ஆகவே தடுமாறும்போது துடுப்பைத் தூக்காமல், தண்ணீரில் அழுத்துங்கள்.

6. அடியில் இருக்கும் துடுப்புச்சிறகைத் திருப்பி மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். வளைவு பின்பக்கம் பார்க்க வேண்டும். ஆழமான நடுச்சிறகு மாட்டினால் போர்டு நேராகப் போகும், பக்கவாட்டு ஆட்டமும் கொஞ்சம் நிதானப்படும். ஆனால் நின்ற இடத்தில் நிற்கும் போர்டை எந்தச் சிறகும் தாங்கிப்பிடிக்காது. பெரிய சிறகு வாங்கினால் ஆட்டம் நின்றுவிடும் என்று நம்பிக் காசைப் போட வேண்டாம்.

7. சாமான்களைத் தாழ்வாக, நடுக்கோட்டில், அசையாமல் கட்டுங்கள். இரண்டு பாட்டில் தண்ணீரும் சாப்பாடும் உள்ள பை இடுப்பிலோ முதுகிலோ இருந்தால் எடை மேலே இருக்கிறது. காலருகே கட்டினால் கீழே இறங்குகிறது. தளர்வாகக் கட்டிய பை மட்டும் எதற்கும் உதவாது. போர்டு சாயும் பக்கமே அதுவும் ஓடிப் போய் உங்களைத் தள்ளிவிடும்.

8. இனி போர்டையே மாற்றும் வேலைக்கு வருவோம். அகலம்தான் நிலைப்பின் உயிர். அகலம் கூடக் கூட, சாயாமல் நிற்கும் பலம் அதன் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. 30 அங்குலம் 33 ஆனால் அகலம் பத்தில் ஒரு பங்குதான் கூடியது. பலமோ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். இதைக் கேட்டவுடன் பலர் நீச்சல்குளத்து நுரைக்குழாய்களைப் போர்டின் ஓரத்தில் கட்டிப் பார்ப்பார்கள். நானும் கட்டினேன். ஐந்தடிக் குழாய் ஒன்று ஐந்து லிட்டர் தண்ணீரைத்தான் தள்ளும், அதுவும் ஓரத்தோடு ஒட்டியே இருப்பதால் நெம்பு தூரம் கிடைக்காது. போர்டு மெதுவானதுதான் மிச்சம்.

9. கைகொடுப்பது பக்கமிதவை. பேடில் போர்டு பிறந்த ஹவாயில் படகுகளுக்கே இதுதான் வழக்கம்: படகிலிருந்து தள்ளி ஒரு மிதவை, அதன் பெயர் அமா, அதைப் படகோடு சேர்க்கும் குறுக்குக் கம்புகள் இயாக்கோ. எல்லாமே கயிற்றுக்கட்டுதான், ஆணி கிடையாது. நம் கட்டுமரமும் கயிற்றால்தானே நிற்கிறது. அந்த வழியிலேயே போனேன்.

வேண்டியவை: வீட்டுக் கழிவுநீருக்குப் போடும் 110 மி.மீ. பிவிசி பைப், ஒரு மீட்டர் துண்டு இரண்டு. நான்கு மூடிகள். 45 டிகிரி எல்போ இரண்டு. அலுமினிய ஜன்னல் செய்யும் கடையில் ஒன்றரை அங்குலச் சதுரக் குழாய், ஐந்தடி நீளத்தில் இரண்டு. நைலான் கயிறு. சரக்கு வண்டியில் கட்டும் இறுக்குபட்டை இரண்டு.

பைப்பின் முன்முனையில் எல்போவும் அதில் ஒரு சிறு துண்டும் வைத்து மூக்கை மேலே தூக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் சின்ன அலைகூட அதைக் குத்திக் கீழே இழுக்கும். மூடிகளைப் பிவிசி பசையால் ஒட்டுவதற்கு முன், உள்ளே காலியான ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களை மூடி இறுக்கி வரிசையாகத் தள்ளுங்கள். இதை நான் முதல் தடவை செய்யவில்லை. ஒரு மூடியைத் தூசு துடைக்காமல் ஒட்டியிருந்தேன். உப்பங்கழியின் நடுவில் இடது மிதவைக்குள் தண்ணீர் ஏறி, மிதவையே எடையாகி, போர்டைத் தன் பக்கம் இழுத்தது. அம்மாவை முட்டிபோட வைத்துக் கரை சேர்க்க அரை மணி நேரம் ஆனது. பாட்டில் உள்ளே இருந்தால் பைப் ஒழுகினாலும் மிதவை மிதவையாகவே இருக்கும். ஒட்டிய மறுநாள், ஒரு ராத்திரி முழுக்கத் தொட்டித் தண்ணீரில் கல்லை வைத்து அமுக்கிவிட்டு, காலையில் குலுக்கிப் பாருங்கள். சளசளவென்று சத்தம் வந்தால் திரும்ப ஒட்டவேண்டும்.

ஒரு மீட்டர் பைப் ஒன்பதரை லிட்டர் தண்ணீரைத் தள்ளும். அதன் சொந்த எடை போனாலும் ஏழெட்டு கிலோ தாங்கும். இவ்வளவு சின்ன பைப்பா ஓர் ஆளைத் தாங்கும் என்று அம்மா கேட்டார். தூரத்தில் இருப்பதால் தாங்கும். போர்டின் நடுக்கோட்டிலிருந்து 70 செ.மீ. தள்ளி இருந்தால், 65 கிலோ ஆள் எட்டு செ.மீ. பக்கவாட்டில் சாய்வதை ஒரு மிதவையே ஈடுகட்டிவிடும்.

10. மிதவைகளைப் பின்னால் கட்டுங்கள். நிற்கும் இடத்துக்கு நேராகக் கட்டினால் துடுப்பு ஒவ்வொரு வீச்சிலும் பைப்பில் இடிக்கும். போர்டு ஒரே துண்டாக விறைப்பாக இருப்பதால், பின்னால் இருந்தாலும் பக்கச் சாய்வை அதே அளவு தடுக்கும். தூக்குப்பிடிக்கு இரண்டரை அடி பின்னால் முதல் குறுக்குக் குழாய், அங்கிருந்து இரண்டடியில் அடுத்தது. குழாய்க்கும் போர்டுக்கும் நடுவில் பழைய யோகா விரிப்பை வெட்டி வையுங்கள். குழாய் முனைகளைத் துணிசுற்றி டேப் போட்டு மூடுங்கள்; விழுகிற ஆளின் விலாவில் படும் உயரம் அது.

போர்டில் துளை போடவே கூடாது. காற்றுப் போர்டானால் சொல்லவே வேண்டாம். கெட்டிப் போர்டிலும் துளை வழியே தண்ணீர் ஏறி உள்நுரை ஊறிவிடும். இறுக்குபட்டையைப் போர்டைச் சுற்றிப் போட்டு, காற்று 10 பிஎஸ்ஐ இருக்கும்போது இறுக்கிவிட்டு, பிறகு முழுக் காற்றையும் அடியுங்கள். போர்டு உப்பிப் பட்டையை இன்னும் கவ்விக்கொள்ளும்.

11. கயிறு கட்டப் போர்டில் வளையம் ஒட்ட வேண்டுமென்றால், காற்றை இறக்கிவிட்டு, சமதரையில் வைத்து, காற்றுப்படகுக்கான பசையால் ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். பைப் ஒட்டும் பசையை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

12. கெட்டிப் போர்டு வைத்திருப்பவர்களுக்கு: ஓரத்தில் நுரை ஒட்டி அகலப்படுத்தும் எண்ணம் இருந்தால் ரெசினில் கவனம். ஃபைபர் படகு செய்யுமிடத்தில் கிடைப்பது பெரும்பாலும் பாலியஸ்டர் ரெசின். பெரும்பாலான போர்டுகளின் உள்ளே இருப்பதோ தெர்மாகோல் இனத்து நுரை. ஒரு துண்டு தெர்மாகோலில் அந்த ரெசினை நாலு சொட்டு விட்டுப் பாருங்கள்: விட்ட இடத்தில் பள்ளம் விழுந்து, ஓரம் சுருங்கி, பசையாக வழியும். எப்பாக்ஸி மட்டுமே சரி. என்னைக் கேட்டால் அந்த வேலையே வேண்டாம். கனம் ஏறும், பிடிக்காவிட்டால் கழற்றவும் முடியாது.

13. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் எந்தச் சோதனையும் வேண்டாம். காலில் கட்டும் பாதுகாப்புக் கயிறு மிதவைக் கட்டில் சிக்காமல் சுருள் கயிறாக இருக்கட்டும். ஓடும் தண்ணீரில் காலில் கட்டாமல், ஒரே இழுப்பில் கழலும் இடுப்புப் பட்டையில் மாட்டுங்கள். தண்ணீர் இறங்கும் நேரத்தில் முகத்துவாரத்துப் பக்கம் போகாதீர்கள். கழி அமைதியாகத் தெரிந்தாலும் அங்கே இழுப்பு அதிகம். கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றும் அப்படித்தான்: கரையோரம் அலையே தெரியாது, போர்டு மட்டும் விலகிக்கொண்டே போகும். விழுந்தால் போர்டை விட்டுத் தள்ளி, பக்கவாட்டில், தட்டையாக விழுங்கள். இடுப்பளவு தண்ணீர் சரியான இடம்.

14. வேலை முடிந்ததும் நிழலில் வைத்துக் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். காலையில் 27 டிகிரியில் 15 பிஎஸ்ஐ அடித்த போர்டின் உள்காற்று வெயிலில் 57 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் 18-ஐத் தொடும்.

15. மிதவையை எப்போது கழற்றுவது? ஒரேயடியாகக் கழற்றக் கூடாது. முதல் வாரம், குறுக்குக் குழாய்க்கும் மிதவைக்கும் நடுவில் மரக்கட்டைகளைச் செருகி, போர்டு சமமாக நிற்கும்போது இரண்டு மிதவையும் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி கட்டுங்கள். அடுத்த வாரம் கயிற்றைத் தளர்த்தி, அந்த மரக்கட்டைகளில் ஒன்றை எடுத்துவிட்டு, ஓர் அங்குலம் மேலே கட்டுங்கள். அதற்கடுத்த வாரம் இன்னோர் அங்குலம். சாயும்போதெல்லாம் மிதவை தண்ணீரில் ‘தளக்’ என்று தட்டும். அந்தச் சத்தத்தை எண்ணுங்கள். அம்மாவுக்கு முதல் நாள் என்னால் எண்ணி மாளவில்லை. நான்காவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்த் திரும்பும்வரை மூன்றே முறைதான் தட்டியது. அன்று மத்தியானமே கயிற்றை அவிழ்த்தோம்.