சொந்த சர்வரில் ஓடூ: வாங்கும் முன் ஒரு கணக்கு

பில், சரக்கு இருப்பு, சம்பளம் எல்லாவற்றையும் பிரவுசரிலேயே பார்க்க ஓடூ மென்பொருளை சொந்த சர்வரில் நிறுவப் போகிறீர்களா? மொத்த ஊழியர் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை பேர் வேலை செய்வார்கள் என்பதுதான் கணக்கு.

ஓடூ கையேட்டின்படி, அப்படி 6 பேருக்கு ஒரு ‘வொர்க்கர்’ (கோரிக்கைகளைக் கையாளும் சர்வர் புராசஸ்) போதும். சாதாரண வேலைக்கு அது சுமார் 150 எம்பி ரேம் எடுக்கும். பெரிய ரிப்போர்ட் எடுத்தால் 1 ஜிபி வரை போகும். ஐந்தில் ஒரு வேலை கனமானது என்று வைத்தால், 60 பேருக்கு 10 வொர்க்கர், ஏறக்குறைய 3 ஜிபி. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் அதே சர்வரில்தான் என்றால் 8 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள். டிஸ்க் எஸ்எஸ்டியாக இருக்கட்டும். கம்பெனி இணையதளத்துக்கு வாங்கிய மலிவு ஷேர்டு ஹோஸ்டிங் இதற்கு உதவாது.

போஸ்ட்கிரெஸின் 5432, ஓடூவின் 8069 போர்ட்டுகளை இணையத்துக்குத் திறந்து வைக்க வேண்டாம். முன்னால் என்ஜின்எக்ஸ் வைத்து எச்டிடிபிஎஸ் வழியே மட்டும் உள்ளே விடுங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் இலவசம்தான். ஓடூவின் தரவுத்தளங்களை நிர்வகிக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

பலர் கோட்டை விடுவது பேக்கப்பில். இணைத்த பில் படங்களும் பிடிஎஃப்களும் வழக்கமாக ‘ஃபைல்ஸ்டோர்’ என்ற தனி ஃபோல்டரில் இருக்கும். தரவுத்தளத்தை மட்டும் நகலெடுத்தால் கணக்கு திரும்பி வரும், இணைத்த பில் படங்கள் வராது. இரண்டையும் சேர்த்தே எடுங்கள்; வேறொரு கணினியில் அவ்வப்போது ரீஸ்டோர் செய்தும் பாருங்கள்.